அமரத்தில் இருப்பவர் தூங்கலாமா, டீச்சர்?

ராமேஸ்வரம் தீவிலிருந்து விசைப்படகுகள் கடலுக்குப் போவது வாரத்தில் மூன்று நாள்: திங்கள், புதன், சனி. காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் விடிந்துதான் கரைக்கு வரும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இந்தக் கரையில் வாத்தியார் வேலை பார்க்கிற எவருக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும். எனக்கு மனப்பாடமாக ரொம்ப வருஷம் பிடித்தது. செவ்வாயும் வியாழனும் முதல் இரண்டு பீரியடில் என் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ராத்திரி அம்மா தூங்கியிருக்க மாட்டார். அம்மா தூங்காத வீட்டில் பிள்ளை எப்படித் தூங்கும்? ஆரம்ப வருஷங்களில் இதைக் கவனக்குறைவு என்று நினைத்து, அப்படிப்பட்ட பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

அரசு உதவி பெறும் ஒரு கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. 22 வருஷம் ஆகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புத் தமிழோடு வாரத்தில் இரண்டு பீரியட் மறைக்கல்வியும், அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான சமய வகுப்பும், எடுக்கிறேன். என் மாமியார் அதை இன்னும் ஞானோபதேசம் என்றுதான் சொல்வார். பள்ளியின் பெயரை எழுதவில்லை. ஊர் சின்னது, எழுதினால் எந்தப் பிள்ளையைச் சொல்கிறேன் என்று உடனே தெரிந்துவிடும்.

2024 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து, படகுகள் போக ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு மாசம் வருமானம் இல்லாத வீடுகள். நோட்டு, பை, யூனிஃபார்ம் என்று பள்ளி திறந்த செலவு வேறு. முதல் பாடு நன்றாக இருந்தால் கடனில் கொஞ்சம் அடைக்கலாம் என்று எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அன்று விடியற்காலையில், சில படகுகள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுவிட்டன, ஆட்களையும் கொண்டுபோய்விட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் சேதி வந்தது.

காலைப் பூசைக்குப் போனோம். அந்த ஞாயிறுக்குக் கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்க வேண்டிய நற்செய்தி மாற்கு 4:35–41. இயேசு புயலை அடக்கும் பகுதி. யாரும் எங்களுக்காகத் தேர்ந்தெடுத்ததில்லை, வழிபாட்டு ஆண்டின் வரிசைப்படி அன்றைக்கு வந்து விழுந்தது. ஃபாதர் வாசிக்க ஆரம்பித்ததும் பெண்கள் பக்கத்தில் யாரோ விம்மினார்கள். எனக்கு முன்னால் இருந்த அக்கா, செல்போனை முந்தானையில் சுற்றிக் கையிலேயே பிடித்திருந்தார். பூசை முடிகிறவரை அந்தக் கை விரியவே இல்லை.

மறுநாள் திங்கள். பிடிபட்ட படகு ஒன்றில் கூலிக்குப் போனவரின் பையன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். வர மாட்டான் என்று நினைத்தேன், வந்திருந்தான். அம்மா அலைந்துகொண்டிருந்ததால் வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கவில்லை, பள்ளிக்கூடம் போனால் மத்தியானம் சோறாவது கிடைக்கும் என்று சித்தி தலைவாரி அனுப்பிவிட்டார். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அன்று நான் அவனைப் பார்த்தபோது, ஆறுதலாக இருக்கட்டும் என்று மறைக்கல்வி பீரியடில் முந்தின நாள் வாசித்த அதே பகுதியை எடுத்தேன்.

பாதியில் அவன் எழுந்தான்.

“டீச்சர், ஏசு படகுல எங்க படுத்திருந்தாரு?”

“பிற்பகுதியில்ப்பா. தலையணை வச்சுத் தூங்கிட்டு இருந்தார்.”

“அமரத்துலயா?”

“ஆமா.”

“அமரத்துல இருக்கிறவர் தூங்கலாமா, டீச்சர்?”

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். வல்லம் என்கிற நாட்டுப்படகில் சுக்கான் பிடிக்கிறவர் உட்காரும் இடம் அமரம். எல்லாரும் கண்ணயரலாம், அமரத்தில் இருப்பவர் கண்ணயரக் கூடாது. அவன் தாத்தா வல்லம் ஓட்டியவர், பையனுக்கு இது அ, ஆ படிக்கும் முன்பே தெரியும். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. இந்தப் பிள்ளைகளில் யாருக்கும் அந்தக் கேள்வியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நான் சொன்ன பதில் இது: “அவர் எழுந்து புயலை அடக்கினாரே, பார்த்தியா? நீயும் விசுவாசத்தோட ஜெபம் பண்ணு தம்பி, எல்லாம் சரியாயிடும்.”

அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வாரத்திலிருந்து சிற்றாலயத்துக்குள் கால் வைக்கவில்லை. முதல் வெள்ளிப் பூசைக்கு எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போனார்கள், இவன் வராண்டாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டேன். “இங்கயே நிக்கிறேன் டீச்சர்” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அன்று சாயங்காலம் எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். வயதானவர், அதிகம் பேச மாட்டார். “அவன் சந்தேகமா கேட்டான்? அது ஜெபம்மா. சீடர்களும் அதையேதானே கேட்டாங்க, சாகப்போறோம், உமக்குக் கவலையில்லையான்னு? அதுக்காக அவங்களை அவர் படகை விட்டு இறக்கிவிடலையே” என்றார். வீட்டுக்கு வந்து விவிலியத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். எத்தனை வருஷமாக வாசிக்கிறேன், ஒரு விஷயம் என் கண்ணில் பட்டதே இல்லை. மாற்கு நற்செய்தியில் இயேசு முதலில் காற்றையும் கடலையும் அடக்குகிறார். அதற்குப் பிறகுதான் சீடர்களிடம் திரும்பி, ஏன் பயந்தீர்கள், இன்னும் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா என்று கேட்கிறார். மத்தேயுவில் இந்த வரிசை மாறி வரும், ஆனால் நாங்கள் அந்த ஞாயிறு வாசித்தது மாற்கு. முதலில் புயல், அப்புறம் பாடம். நான் புயலைத் தொடாமல் பாடத்தை நடத்தியிருந்தேன்.

அதோடு என் பதிலில் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. விசுவாசத்தோடு ஜெபித்தால் சரியாகும் என்று ஒரு பதினாலு வயசுப் பிள்ளையிடம் சொன்னால், சரியாகாத ஒவ்வொரு நாளும் அவன் என்ன நினைப்பான்? என் விசுவாசம் போதவில்லை, என்னால்தான் அப்பா வரவில்லை என்று நினைப்பான். அப்பா இல்லாத பாரத்தின் மேல் இன்னொரு பாரத்தையும் நானே தூக்கி வைத்துவிட்டேன்.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் புயல் ராத்திரி பற்றி அதிகம் பேச மாட்டார், பேசினால் ஒன்றைத்தான் சொல்வார். உயரமான இடம் பார்த்து ஓடி, பிள்ளைகளை வலைக்கயிற்றால் ஒரு தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டு, விடிகிறவரை ஜெபமாலை சொன்னாராம். கயிற்றைக் கட்டிய கையில்தான் ஜெபமாலையும் இருந்தது. இதைக் கேட்டே வளர்ந்தவள் நான். அந்தத் திங்கட்கிழமை கயிற்றை மறந்துபோனேன்.

சரி, கயிறு என்று எதைக் கட்ட முடியும்? முதலில் சாப்பாடு. மத்தியானம் சத்துணவு உண்டு, காலையில் என்ன செய்கிறான் என்று கேட்டோம். ஒன்றுமில்லை. பள்ளிக்கு எதிரே இட்லி விற்கும் அக்காவிடம் சொல்லி வைத்தோம். காசு யார் கொடுக்கிறார்கள் என்று பையனுக்குத் தெரியாது. வீட்டுப்பாடத்தை நிறுத்தி வைத்தோம். அப்புறம் வகுப்பில் அவன் இடம். கதவுப் பக்கம் மாற்றிக் கொடுத்தோம், சேதி ஏதாவது வந்தால் எழுந்து வெளியே போய்க் கேட்டுக்கொள்ளலாம், அனுமதி கேட்க வேண்டாம். சின்ன விஷயம்தான். ஆனால் அன்றுதான் அவன் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன்.

ஜெபத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. திறந்தது அவன்தான். ஜூலையில் ஒரு நாள் அந்த சிஸ்டர் அருளானந்தர் கதையை வேறொரு வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தார். போர்ச்சுகலில் பிறந்து, காவி உடுத்து மறவர் நாட்டில் வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலைவெட்டுப்பட்டவர். எங்கள் சிவகங்கை மறைமாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதிதில்லை. வருஷா வருஷம் ஓரியூருக்குப் போய்ச் செம்மண் எடுத்து வந்து நெற்றியில் பூசுகிறவர்கள். ஆனால் சாவதற்கு முந்தின நாள் அவர் சிறைக்குள்ளிருந்து கடிதம் எழுதினார் என்பதை இவன் அன்றுதான் கேட்டிருக்கிறான். இன்டர்வெல்லில் என்னிடம் வந்து, “அருளானந்தரும் ஜெயில்ல இருந்தாரா டீச்சர்? லெட்டர் எழுத விட்டாங்களா?” என்றான். விட்டார்கள் என்றேன். ஒரு ஏ4 தாள் கேட்டான்.

அப்பாவுக்கு எழுதினான். இரண்டு பக்கம். அனுப்ப வழியில்லை. “அதுவரைக்கும் உள்ள வச்சிருக்கவா?” என்று கேட்டான். சிற்றாலயத்தில் பீடத்துக்குக் கீழே ஒரு மரப்பெட்டி உண்டு, மன்றாட்டுச் சீட்டு போடுவதற்கு. அவனே உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்தான். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

சில வாரத்தில் அப்பா வந்துவிட்டார். படகு வரவில்லை. ஊரே சந்தோஷப்பட்டது, நாங்களும் இனி கவலையில்லை என்று நினைத்தோம். அது தவறு. அப்பா வந்த பிறகுதான் பையன் தூங்கவில்லை. ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து, அப்பா பாயில் இருக்கிறாரா என்று பார்ப்பானாம். சாப்பாடு இறங்கவில்லை. “யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான் டீச்சர், எதையாவது தூக்கி எறியிறான், மந்திரிச்சும் பாத்துட்டோம்” என்று அம்மா அழுதார். கோவிலுக்குக் கூட்டிப்போய் ஃபாதரிடம் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொன்னார்கள். ஃபாதர் ஜெபித்தார், ஜெபித்துவிட்டு, இதற்கு டாக்டரையும் பார்க்கணும் என்று அவர்தான் சொன்னார். ஒரு குருவானவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. நாங்கள் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் கேட்டிருக்காது. 14416 என்ற எண்ணுக்கு ஸ்டாஃப் ரூமிலிருந்து அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினோம். டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண். எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவர்கள் சொன்ன வழியில் மருத்துவரைப் பார்த்தார்கள். தேறிவர ஆறேழு மாசம் ஆனது.

அந்த மரப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் என்னென்ன எழுதுவார்கள் தெரியுமா? அப்பா குடிக்கக் கூடாது. கணக்கில் 35 வரணும். அக்காவுக்குக் கல்யாணம் ஆகணும். எங்கள் நாய்க்குட்டி நடக்கணும். முன்பெல்லாம் யாரும் படிக்காமல் பூசையில் அப்படியே ஒப்புக்கொடுத்துவிடுவோம், பிள்ளைக்கும் கடவுளுக்கும் நடுவில் நாம் எதற்கு என்று. ஒரு முறை பெட்டி நிரம்பி வழிந்து, ஒரு சீட்டு விரிந்த மேனிக்குத் தரையில் கிடந்தது. நான் இல்லையென்றால் வீட்டில் ஒரு செலவு குறையும் என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. ஆனால் ‘ழ’வின் காலை இடது பக்கம் நீளமாக இழுத்து விடுகிற அந்தக் கையெழுத்தை நான் நோட்டில் இரண்டு வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கைகால் நடுங்கிவிட்டது. அன்று மணியடித்ததும் சிஸ்டரும் நானும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். கடலிலிருந்து அப்போதுதான் ஏறியிருந்தார், விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. அந்தக் கையோடு மகளைக் கட்டிக்கொண்டார். மேற்கொண்டு எழுதவில்லை. பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள், அது போதும்.

அதற்குப் பிறகு பெட்டியின் மேல் ஒரு அட்டையை ஒட்டினோம். இந்தச் சீட்டை இரண்டு பேர் படிப்போம். யாரிடமும் கதையாகச் சொல்ல மாட்டோம். ஆனால் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சும்மா இருக்க மாட்டோம், உன்னிடம் சொல்லிவிட்டு உதவிக்கு ஆள் கூப்பிடுவோம். பக்கத்திலேயே குழந்தைகள் உதவி எண் 1098-ம் 14416-ம் எழுதியிருக்கிறது. அட்டை வந்தால் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள் என்று சில ஆசிரியர்கள் பயந்தார்கள். சீட்டு குறையவில்லை.

இதில் பிள்ளைகளுக்குக் குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது, அது திருச்சபைச் சட்டம். டீச்சரும் அப்படித்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. “யாரிடமும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று ஆரம்பிக்கும். அந்தச் சத்தியத்தை நான் பண்ணுவதில்லை. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டம் அதைக் கடமையாக்கியிருக்கிறது, மறைத்தால் தண்டனை. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: “சத்தியம் பண்ண முடியாது பாப்பா, ஆனா உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

தவக்காலம் வந்தால் எனக்கு வேறொரு கவலை. தவக்காலமும் பொதுத்தேர்வும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று காலை அசெம்பிளியில் பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்தாள். முந்தின ராத்திரியும் சாப்பிடவில்லை, மார்க் நிறைய வர நேர்ந்துகொண்டாளாம். ஏற்கெனவே ரத்தம் குறைவு. பள்ளியில் வாராவாரம் தருகிற இரும்புச்சத்து மாத்திரையையும் வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் நோன்பு, இருக்கும் கடமை 18 வயதில்தான் தொடங்குகிறது, 14 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு இறைச்சி தவிர்ப்பது மட்டும்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மறைக்கல்வி ஆசிரியை நான், நானே சொல்லவில்லை. இப்போது திருநீற்றுப் புதனுக்கு முந்தின வாரமே எல்லா வகுப்பிலும் சொல்லிவிடுகிறேன்: சாப்பிட்டுவிட்டு வாருங்கள், தேர்வு எழுதுகிறவர்கள் கட்டாயம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கடவுளுக்கு ஏதாவது கொடுக்கத் தோன்றினால் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டு வாருங்கள். அந்த அரிசி மூட்டை ஈஸ்டருக்கு முன்னால் வயசான இரண்டு மூன்று வீடுகளுக்குப் போகும்.

என் வகுப்பில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும்தான். மறைக்கல்வி பீரியடில் அவர்கள் நீதிபோதனை வகுப்புக்குப் போய்விடுவார்கள். அரசியலமைப்பின் 28(3) பிரிவு தெளிவாகச் சொல்கிறது, அரசு உதவி பெறும் பள்ளியில் சம்மதம் இல்லாமல் யாரையும் சமய வகுப்பிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்கக் கூடாது, சின்னப் பிள்ளையாக இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் சம்மதம் வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-ல் சமயச் சுதந்திரம் பற்றி எழுதியபோது, விசுவாசத்துக்குள் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் சொன்னது. இதைச் சட்டத்துக்குப் பயந்து செய்வதாக நான் நினைக்கவில்லை. ரமலான் மாசத்தில் நோன்பு இருக்கும் பிள்ளைகளுக்கு மத்தியானம் விளையாட்டு பீரியடில் நிழலில் இடம் போட்டுக்கொடுக்கிறோம். அதைப் பார்த்த எங்கள் கத்தோலிக்கப் பிள்ளை ஒருத்தி, “அவங்க தண்ணிகூடக் குடிக்கலை டீச்சர், நான் ஜெபமாலையே பாதியில தூங்கிடுறேன்” என்று வருத்தப்பட்டாள். என் மறைக்கல்வி வகுப்பு அவளுக்குச் சொல்லித்தராததை அந்த நிழல் சொல்லித்தந்திருந்தது.

ஆனால் இடம் என்று பார்த்தால் இன்னும் ஒரு குறை இருக்கிறது. மனசு சரியில்லாத கத்தோலிக்கப் பிள்ளை சிற்றாலயத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்ற பிள்ளைகள் உள்ளே வரலாமா என்று தயங்கி வாசற்படியில் உட்காருவார்கள். கோபத்தில் இருக்கும் கத்தோலிக்கப் பிள்ளைக்கும் அந்தப் படிதான். அந்தப் பையன் எத்தனை நாள் அங்கே நின்றான் என்று எனக்குத் தெரியும். மழை பெய்தால் படி நனைந்துவிடும். வெயில் காலத்தில் பத்து மணிக்கே சுடும். பக்கத்துப் பூவரச மரத்தடியில் ஒரு பெஞ்ச் போடலாமா என்று தாளாளர் ஃபாதரிடம் கேட்டிருந்தேன், சரி என்றுவிட்டார்.

பலகை தந்தது அந்தப் பையனின் அப்பா. அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை, படகு மராமத்து செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறார். பழைய படகில் கழற்றிய பலகை, நல்ல கனம். போன சனிக்கிழமை அப்பாவும் பையனும் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆணித் துளைகளில் தார் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைச் சுரண்டி இழைக்க இரண்டு நாள் ஆகும் என்றார். கால் நான்கும் சிமெண்டில் போடச் சொல்லியிருக்கிறேன், உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது.